கண்ணாடி ஜன்னல் வைத்த அறை

கம்பளிப் போர்வையைப் பிழிவது ஒற்றை ஆள் வேலை இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு அவரவர் வலப்பக்கமாக முறுக்க வேண்டும். முறுக்கு ஏற ஏற நடுவில் அது மலைப்பாம்பு மாதிரித் திரண்டு தண்ணீரைக் கக்கும். ஒருத்தி கை தளர்ந்தால் போச்சு. மற்றவள் மல்லாந்து விழுவாள்.

அன்று காலையில் பஞ்சாலையும் அவள் தங்கை நீலாவதியும் மலாயாவின் பிரேசர் மலையில், ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்ட ஒரு கல் பங்களாவின் பின்புறத்தில், பத்துப் போர்வைகளைப் பிழிந்து போட்டிருந்தார்கள். பதினொன்றாவதில் நீலாவின் விரல்கள் வழுக்கின. பஞ்சாலை சேற்றில் போய் உட்கார்ந்தாள். நீலா சிரித்துவிட்டாள்.

"கோவிச்சுக்காத அக்கா. கை விறைச்சுப் போச்சு, பிடிக்கவே முடியல."

"பால் வெட்டுன கைக்கு ஒண்ணும் ஆகல. பவுடர் டப்பா திறந்த கைக்குத்தான் எல்லாம் ஆகுது."

"விழுந்தாலும் நீ துரைசானி நாக்காலியில உக்கார்ற மாதிரியே விழுந்தியே, அதைச் சொல்லு" என்று நீலா மறுபடியும் சிரித்தாள். உதடு நடுங்கியபடியே சிரித்தாள்.

பஞ்சாலை சிரிக்கவில்லை. சேறு பட்ட போர்வையை மறுபடி அலசி, மறுபடி பிழிந்தார்கள். அக்காளும் தங்கையும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

பஞ்சாலைக்குத் தங்கை மேல் இருந்த காந்தல் அன்றைக்குப் பிறந்ததில்லை. பதினோரு வருஷத்துக் காந்தல். அப்போது அவளுக்கு வயது பதின்மூன்று, நீலாவுக்கு ஒன்பது. கோலா பிலாவுக்கு ஆறு மைல் தள்ளி இருந்த ரப்பர் தோட்டத்தில் ஒருநாள் வெள்ளைக்காரத் துரைசானி, தன் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும் என்று, வேலையாட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வந்தாள். பிள்ளைகளை, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். துரைசானி முகத்தைப் பார்க்கவில்லை. கையைக் காட்டச் சொன்னாள்.

பஞ்சாலையின் உள்ளங்கையில் ரப்பர் பால் காய்ந்து கறுத்து, மண்ணோடு தோலாகவே ஒட்டியிருந்தது. நீலாவின் கை கழுவின வெற்றிலை போல இருந்தது. அது அப்படி இருந்ததற்குக் காரணம் உண்டு. முதல் நாள் தங்கைக்கு இருமல் என்று அவள் பங்குக்கு வந்த, பால் பிடிக்கும் மங்குகளையும் சேர்த்துப் பஞ்சாலையே கழுவியிருந்தாள். துரைசானிக்கு அது தெரியாது. நீலாவுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை என்னத்தைச் சொல்லும் என்று பஞ்சாலை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

நீலா பங்களாவுக்குப் போனாள். வருஷத்துக்கு ஒருமுறை துரை குடும்பம் பதினைந்து நாள் பிரேசர் மலைக்குப் போகும்போது ஆயாவும் கூடப் போவாள். திரும்பி வந்ததும் லயத்துப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொள்வார்கள். அங்கே பேசினால் வாயிலிருந்து புகை வருமாம். வீட்டுக்குள்ளேயே சுவரில் ஓர் அடுப்பு வைத்து, சோறாக்காமல் சும்மா குளிர் காய்வார்களாம். பிள்ளைகள் அறையை ஒட்டி நீலாவுக்கென்று தனி அறை, இரும்புக் கட்டில், கண்ணாடி ஜன்னல், நீலக்கோடு போட்ட கம்பளி.

"உனக்குன்னு தனி ரூமா! கதவைச் சாத்திக்கலாமா?" என்று பக்கத்து வீட்டு மயிலம்மாள் கேட்பாள்.

"சாத்தினா ஊசி விழுற சத்தம்கூட வெளிய கேக்காது, அக்கா."

லயத்துக் குடும்பங்களுக்கு அது பெரிய அதிசயம். லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவிலுள்ள பலகைச் சுவர் கூரை வரை போகாது. மேலே இரண்டு முழம் திறந்தே கிடக்கும். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் ஆறு வீட்டில் தும்முவார்கள். பஞ்சாலை இந்தக் கதைகளைக் கேட்க வெளியே வருவதே இல்லை. ஆனால் பாயில் படுத்தபடி, சுவரின் திறப்பு வழியாக ஒரு சொல் விடாமல் கேட்டுவிடுவாள். கேட்டுவிட்டு விடியற்காலையில் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போவாள்.

ஜப்பான்காரன் வந்தபோது துரையும் துரைசானியும் இரவோடிரவாகச் சிங்கப்பூர் பக்கம் ஓடினார்கள். நீலா ஒரு தகரப் பெட்டியோடு லயத்துக்குத் திரும்பி வந்தாள். அரிசி போய் மரவள்ளிக் கிழங்கு வந்தது. பஞ்சாலையின் கணவன் நல்லசாமியை ரயில் பாதை போடச் சயாமுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன்பின் தகவலே இல்லை. அக்காளும் தங்கையும் ஒரே கூரையின் கீழ் ஒரே சட்டிக் கிழங்கைத் தின்றார்கள். சொன்னால் வெட்கம்; அந்த நாட்களில் பஞ்சாலைக்குத் தங்கை மேல் கோபமே வரவில்லை. அவள் கையும் கறுத்துக்கொண்டு வந்தது.

இரண்டாம் வருஷம் கார்த்திகை மாதத்தில் தோட்டத்து ஆபீஸ் கிராணி இராஜமாணிக்கம் லயத்துக்கு வந்தார்.

"ஜப்பான் ஆபீசருங்க பிரேசர் மலையில ரெஸ்ட் எடுக்கப் போறாங்களாம். நம்ம துரை தங்கின பங்களாதான். அந்த வீட்டை அறிஞ்ச பொம்பளை வேணும்னு கேட்டான். நீலாவதி, நீ கெளம்பு. துணி துவைக்க இன்னொருத்தியும் வேணும்."

"நான் போறேன்" என்றாள் பஞ்சாலை. கிராணி வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"ஒரு மாசத்துக்குத்தான் ரெண்டு பேரு. அப்புறம் வேலைக்கு ஆகிறவளை வச்சுக்கிட்டு இன்னொருத்தியைத் திருப்பி அனுப்பிருவாங்க. ரெண்டு வேளையும் அரிசிச் சோறு. அதைப் பாத்துட்டு அங்கயே இருக்கணும்னு ஆசைப்படாத."

"ஆசைப்பட்டா நீலா இடம்லா போயிரும்!" என்று மயிலம்மாள் உள்ளிருந்தபடியே குரல் கொடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். பஞ்சாலையும் சிரித்தாள். அந்த இடத்தில்தான் அவள் முடிவு செய்தாள்: இந்தத் தடவை திரும்பி வந்து கிழங்கு தின்னப் போவது நீலா.

லாரியில் அவர்களோடு சமையல்காரர் ஷம்சுதீனும் வந்தார். கோலா பிலாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். மலைப்பாதை ஆரம்பித்ததும் காது அடைத்தது. மூங்கிலும் ரோத்தான் பிரம்பும் போய், பாசி தொங்கும் மரங்கள் வந்தன. வளைவுக்கு வளைவு நீலா முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள். "இப்ப ஒரு அருவி வரும் பாரு, அக்கா." வந்தது. "இனிமே குளிரும்." குளிர்ந்தது. மலையே அவள் சொல் கேட்கிற மாதிரி இருந்தது. பஞ்சாலை வாந்தி வரும் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். உச்சியில் லாரி நின்றபோது, மூட்டத்துக்குள் சிவப்பு ரோஜாக்கள் யாரும் பறிக்காமல் தாமாக உதிர்ந்து கிடந்தன. பஞ்சாலை பெருமூச்சு விட்டாள். வாயிலிருந்து புகை வந்தது. நீலா இதில் பொய் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

பங்களாவுக்குப் பொறுப்பு ஒகாவா என்ற வயதான சிப்பாய். உடைந்த மலாயில் பேசுவார், அதிகம் அடிக்க மாட்டார். வீட்டைக் காட்டச் சொன்னார். நீலா சாவிக்கொத்தை வாங்கி ஒவ்வொரு கதவாகத் திறந்தாள். கடைசியில் அந்தச் சின்ன அறை. இரும்புக் கட்டில். பலகை அடித்து மூடிய உட்கூரை. கண்ணாடி ஜன்னல். கட்டிலின்மேல், ஆள் வருவார்கள் என்று நேற்று மடித்து வைத்த மாதிரி, நீலக்கோட்டுக் கம்பளி இரண்டு.

"நீ இங்கே" என்று ஒகாவா நீலாவுக்குக் கையைக் காட்டினார். பஞ்சாலைக்குச் சமையற்கட்டின் பின்னால் விறகுக் கொட்டகையை ஒட்டிய இடம். சுவரின் மேல்பாதி கம்பி வலை. குளிர் தாராளமாக வந்து போகும்.

"அக்கா, நீயும் இங்கயே படுத்துக்க. கட்டில் ரெண்டு பேருக்குப் போதும்."

"எனக்கு என்னத்துக்கு? நான் என்ன ஆயாவா?"

நீலா மூன்று நாள் கூப்பிட்டாள். நான்காம் நாள் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்துவிட்டுப் போனாள். பஞ்சாலை அதை எடுத்துப்போய் அறை வாசலில் போட்டுவிட்டு வந்தாள். கோணியைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். பல் கிட்டியது. பிச்சை வாங்கவில்லை என்ற சூடு மட்டும் இருந்தது.

வேலையில் பஞ்சாலையை யாரும் குறை சொல்ல முடியாது. விடியுமுன் எழுந்து விறகு பிளந்து, தண்ணீர் சுமந்து, தரையைத் தேய்த்துவிடுவாள். நீலா மெதுவாகத்தான் செய்வாள். ஆனால் ஆபீசர்கள் வந்தால், எந்தக் கோப்பையை எந்தப் பக்கம் வைப்பது, சுவரடுப்பை எப்படிப் புகையாமல் மூட்டுவது எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஒகாவா ஒவ்வொன்றுக்கும் "நீரா, நீரா" என்று கூப்பிடுவார். பஞ்சாலையின் பெயர் அவர் வாயில் ஒருநாளும் நுழையவில்லை. "ஓய்" என்பார்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஆபீசர்களுக்குப் போர்வை போதவில்லை என்று ஒகாவா அலமாரிகளைத் துழாவிக்கொண்டிருந்தார். பஞ்சாலை தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், தனக்குத் தெரிந்த மலாயில், அந்தச் சின்ன அறையில் இரண்டு இருக்கிறது என்றாள். நல்ல கம்பளி, துரையுடையது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அன்று மாலை நீலா வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு அக்கா சொல்லியிருப்பா?"

"எனக்கென்ன தெரியும்? அந்தப் பாயா இருக்கும்."

"சேச்சே, பாய் சொல்ல மாட்டாரு" என்றாள் நீலா. அக்காளைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு, "போகட்டும். உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. இப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதானே" என்றாள்.

அந்தச் சொல் பஞ்சாலைக்குப் பொறுக்கவில்லை. அவளைத் திட்டியிருந்தால் பொறுத்திருப்பாள்.

போர்வை பிழிந்த நாள் அந்த வாரத்தின் கடைசி நாள். மறுநாள் ஆபீசர்கள் வருவதாக இருந்தது. வரும் லாரியிலேயே இருவரில் ஒருத்தி மலையிறங்கிப் போக வேண்டும். யார் என்று ஒகாவா சொல்லவில்லை. சாமான் வாங்க மலையடிவாரத்துக்குப் போயிருந்தார். நாலு மணிக்கு வருவேன் என்று சொல்லியிருந்தார்.

பகல் சோறு தின்னும்போதே மழை பிடித்துக்கொண்டது. மூட்டம் வாசல்வரை வந்து நின்றது. நீலாவின் சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மாற்றுச் சேலை இல்லை. அவள் ஓர் உடைந்த மண்சட்டியை எடுத்து, அடுப்பில் கனிந்திருந்த கரியை இடுக்கியால் பொறுக்கிப் போட்டாள்.

"என்னா புள்ள, பிள்ளை பெத்திருக்கியா?" என்றார் ஷம்சுதீன். தோட்டத்தில் பிள்ளை பெற்றவளின் கட்டிலடியில்தான் கரிச்சட்டி வைப்பார்கள்.

"கிண்டல் பண்ணாத பாய். சேலை காயட்டும், அரைமணி நேரம் உடம்பு சூடாக்கிக்கிட்டு வந்துர்றேன். அக்கா, நீயும் வா. துணியை அப்புறம் போட்டுக்கலாம்."

"எல்லாரும் குளிர் காய்ஞ்சா இதை யாரு காயப் போடுறது? நீ போ மகாராணி. போய்க் கதவைச் சாத்திக்கிட்டுப் படு."

நீலா போனாள். ஜன்னலை மூடினாள், கதவைச் சாத்தினாள். துரை வீட்டில் கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு நெருப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பதை வருஷா வருஷம் பார்த்தவள். அந்த அடுப்புக்குப் புகைபோக்கி இருந்தது, அது புகைக்குத்தானே? கரியில் புகை இல்லை. லயத்தில் எத்தனையோ கரிச்சட்டி பார்த்தாயிற்று, ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இதைப் பஞ்சாலையிடம் கேட்டிருந்தாலும் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

பஞ்சாலை அறைச் சுவரை ஒட்டிய தாழ்வாரத்தில் கயிறு கட்டி, ஈரப் போர்வைகளைத் தனியாளாக இழுத்து இழுத்துப் போட்டாள். ஒவ்வொன்றும் செத்த கன்றுக்குட்டி கனம் கனத்தது. ஏழாவதைப் போடும்போது உள்ளிருந்து குரல் வந்தது.

"அக்கா... தலை வலிக்குது, அக்கா."

வலிக்கும், வலிக்கும் என்று பஞ்சாலை நினைத்தாள். இன்னும் நாலு போர்வை இருக்கிறதல்லவா, அதனால் வலிக்கும். அவள் பதில் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா" என்று மறுபடி கேட்டது. இந்த முறை குரல் தாழ்ந்து, தூக்கத்தில் புலம்புவது போல இருந்தது. அப்புறம் கட்டில் கம்பி ஒருமுறை கிறீச்சிட்டது. அப்புறம் மழை மட்டும்.

தூங்கிவிட்டாள். பஞ்சாலைக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நாலு மணிக்கு ஒகாவா வருவார். தாழ்வாரத்தில் பதினோரு போர்வை தொங்கும். அதன் கீழே ஒருத்தி தரையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். கதவைத் திறந்தால் மற்றவள் கட்டிலில் கால் நீட்டித் தூங்குவாள். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஒகாவாவுக்குக் கண் இருக்கிறது.

மூன்று மணி சுமாருக்கு ஷம்சுதீன் தேநீர்க் கோப்பையோடு வந்தார். "எங்க சின்னவ? அரைமணின்னு போனா, ரெண்டு மணி நேரம் ஆச்சே. எழுப்பட்டுமா?"

"வேணாம் பாய்" என்றாள் பஞ்சாலை. "பாவம், களைச்சுப் போயிருக்கா. தூங்கட்டும்."

"கூடப் பொறந்தவள்னா இப்படில்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவர் அந்தத் தேநீரையும் பஞ்சாலைக்கே கொடுத்தார். சூடாக இருந்தது. அவள் முழுவதும் குடித்தாள்.

ஒகாவா சொன்ன நேரத்துக்கு வந்தார். போர்வைகளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "நீரா?" என்றார். பஞ்சாலை துடைக்கும் துணியைக் கீழே வைக்காமலே கதவைக் காட்டினாள். அவர் தட்டினார். திறந்தார். கரிச்சட்டி கண்ணில் பட்ட கணமே கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே பாய்ந்து, ஜன்னல் கண்ணாடியை முழங்கையால் உடைத்தார்.

பஞ்சாலை வாசலில் நின்று பார்த்தாள். நீலா கதவுப் பக்கம் முகத்தை வைத்து ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. உதடு நன்றாகச் சிவந்திருந்தது. காலையில் நடுங்கிய நீலம் போய்விட்டது. நல்ல தூக்கம், அடி வாங்கினால்தான் எழுந்திருப்பாள் என்றுதான் பஞ்சாலை அப்போதும் நினைத்தாள். ஒகாவா அவளைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடி, புல்லில் கிடத்தி, மார்பை அழுத்தினார். வெகுநேரம் அழுத்தினார். ஷம்சுதீன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பஞ்சாலைக்குப் புரிந்தது.

ஒகாவா மண்சட்டியை வெளியே எறிந்து உடைத்தார். கத்தினார். ஷம்சுதீன் பாதி புரிந்துகொண்டு பஞ்சாலைக்குச் சொன்னார்: "கரியிலயும் விஷக்காத்து உண்டாம் புள்ள. மூடின ரூம்ல வச்சா ஆளைத் தூங்க வச்சே எடுத்துருமாம். இவங்க ஊர்லயும் குளிருக்குக் கரிச்சட்டி வைப்பாங்களாம், ஆனா அங்க வீட்டுக் கதவெல்லாம் வெறும் தாளாம், காத்து வந்துக்கிட்டே இருக்குமாம். மொதல்ல தலை வலிக்கும், அப்பவே வெளிய வந்துறணும்னு சொல்றான்."

"தலை வலிக்குமா?" என்று பஞ்சாலை கேட்டாள்.

"ஆமா. அதுதான் அடையாளமாம்."



மறுநாள் காலையில் பங்களாவுக்குக் கீழே, பெரணி மண்டிய சரிவில் குழி வெட்டினார்கள். ஒகாவா நீலக்கோட்டுக் கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து நீலாவின்மேல் போர்த்திச் சுற்றினார். அந்தக் கம்பளி கடைசியில் அவளுக்கேதான் போகிறது என்று பஞ்சாலைக்கு ஒரு நொடி தோன்றியது. அழுதுகொண்டிருக்கும்போதே தோன்றியது. தன் மனதை அவள் அதற்குமுன் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

லாரி வந்தது. யாரும் அதில் மலையிறங்கிப் போகவில்லை. இருவரில் ஒருத்தி இருக்க வேண்டும் என்பதுதானே கணக்கு, இருந்தாள். ஒகாவா அந்த அறையின் சாவியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிச் சமையற்கட்டு ஆணியில் மாட்டினாள். கொட்டகையிலேயே படுத்தாள். ஜப்பான்காரன் சரணடையும் வரை இருபது மாதம் அந்த மலையில் இரண்டு வேளையும் அரிசிச் சோறு தின்றாள். கோப்பைகளை எந்தப் பக்கம் வைப்பது, சுவரடுப்பை எப்படி மூட்டுவது எல்லாம் தானாகக் கற்றுக்கொண்டாள். போர்வை துவைக்கும் நாளில் ஷம்சுதீன் மறுமுனையைப் பிடிப்பார்.

சண்டை ஓய்ந்து அவள் தோட்டத்துக்குத் திரும்பியபோது, அவளுக்கு முன்னால் ஷம்சுதீனின் கதை வந்து சேர்ந்திருந்தது. தங்கையைத் தூக்கத்திலிருந்துகூட எழுப்ப மனசு வராதவள் என்று லயம் முழுக்கப் பேச்சு. பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "தூங்கட்டும்னியாமே, அதுவே அவளுக்குப் போதும்டி" என்று மயிலம்மாள் சொன்னாள். கட்டி அழுத ஒவ்வொருத்தியிடமும் பஞ்சாலை உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். ஒவ்வொருத்தியும் அவள் வாயைத் தோளில் அழுத்திக்கொண்டாள். சயாமுக்குப் போனவர்களில் திரும்பியவர்கள் சிலபேர். அவர்களில் நல்லசாமி இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அழுகை ஓய்ந்ததும் மயிலம்மாள் ஓர் அகலை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "புள்ள எந்தத் திக்குல கிடக்கா? அந்தப் பக்கம் பாத்து வைக்கிறேன்."

பஞ்சாலை எழுந்து லயத்தின் கோடி வரை நடந்தாள். ஜப்பான்காரன் காலத்தில் கிழங்கு நடுவதற்காக வெட்டின மரங்களின் இடைவெளியில் வடக்கே வெகுதூரம் திறந்து கிடந்தது. கையை நீட்டினாள். அந்தத் திக்கில் நடுவே வேறு மலைகள் இருக்கின்றன. கோலா பிலாவில் எந்த மேட்டில் ஏறி நின்று பார்த்தாலும் பிரேசர் மலை தெரியாது.